ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பேர் முழிச்சிருக்காங்க? சேலம் பக்கத்து முதியோர் இல்லங்கள் பற்றி ஒரு கேள்வி

அஸ்தம்பட்டி மகள் | ஞாயிறு, இரவு 10:47

வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், இதுவரை எழுதியதில்லை. அம்மாவுக்கு 78 வயது. இரண்டு வருஷம் முன்னால் ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் பலவீனம். வாக்கரைப் பிடித்து மெதுவாக நடப்பார். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள், தம்பி வெளிநாட்டில். போன சித்திரையில் மலையடிவாரப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். இடம் நல்ல இடம்தான். வாசலில் மாமரம், பளிச்சென்று தரை, மதியச் சாப்பாட்டில் தினமும் கீரை.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு போன் வந்தது. "அம்மா லேசா வழுக்கிட்டாங்க" என்றார்கள். போய்ப் பார்த்தால் இடுப்பு எலும்பு முறிவு.

அம்மா சொன்ன கதை வேறு. இரவு இரண்டு மணி வாக்கில் பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். பெல் அடிக்கக் கையை நீட்டினால் எட்டவில்லை. ஒயரைச் சுருட்டி மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள், ராத்திரியெல்லாம் யாராவது அடித்துக்கொண்டே இருக்கிறார்களாம். தானே நடந்து போய் நிலைப்படியில் கால் தட்டி விழுந்திருக்கிறார். ஐந்தரைக்கு டீ கொண்டுவந்த பெண்தான் முதலில் பார்த்தது. மூன்றரை மணி நேரம் வெறும் தரையில், ஈரப் புடவையோடு. "கத்திப் பாத்தேன் சாமி, அப்புறம் தொண்டை வரலே, சும்மா படுத்துக்கிட்டேன்" என்றார்.

மொத்தம் 34 பேர் இருக்கிறார்கள். அதில் 11 பேர் படுத்த படுக்கை. இரவு டியூட்டிக்கு இரண்டே பெண்கள். இத்தனை முதியவர்களுக்கு இத்தனை ஆள் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஏதாவது எண் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை | ஞாயிறு, இரவு 11:05

பெற்றவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிரச்சினையே வராது. அவ்வளவுதான் சொல்வேன்.

நாலு ரோடு | ஞாயிறு, இரவு 11:31

இந்த ஒரு வரியை எழுத உங்களுக்குப் பத்து வினாடி ஆகியிருக்கும் அண்ணா. என் அப்பாவை நான்கு வருஷம் வீட்டில்தான் பார்த்தோம். "பார்த்தோம்" என்று சும்மா சொல்கிறேன், பார்த்தது என் மனைவி. அவரைத் தூக்கித் தூக்கி அவளுக்கு டிஸ்க் விலகி, இப்போது குடத்தைத் தூக்க முடியாது. அப்பா எங்கள் வீட்டிலும் இரண்டு தடவை விழுந்தார். வீட்டிலும் ஆள் கணக்கு உண்டு. சம்பளம் கொடுக்காததால் நாம் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

மகளுக்கு: முதலில் அம்மாவின் ஆபரேஷனைப் பாருங்கள். சண்டை அப்புறம் இருக்கிறது.

பழைய தாலுகா ஆபீஸ் | திங்கள், காலை 7:12

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007. பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடலாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் என்று பலருக்கும் தெரிந்தது இந்தச் சட்டம்தான். இதன் 19ஆம் பிரிவில் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று இருக்கிறது. இல்லங்களுக்கான தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் "பத்துப் பேருக்கு ஓர் ஆள்" மாதிரி ஒரு கணக்கை அந்தச் சட்டத்துக்குள் தேடினால் கிடைக்காது. குறைந்தபட்சத் தரம், கட்டாயப் பதிவு எல்லாம் சேர்த்து 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அது நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது.

இன்னொரு குழப்பம் உண்டு. "நர்சிங் ஹோம்" என்றால் நம் ஊரில் பத்துப் படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. அதற்கு மருத்துவ நிறுவனங்கள் சட்டம், சுகாதாரத் துறை. முதியோர் இல்லம் என்றால் சமூக நலத் துறை. உங்கள் இல்லத்தில் இருக்கும் அந்த 11 பேர் யார்? மூக்கில் குழாய், சிறுநீர்ப் பை, இன்சுலின் எல்லாம் இருந்தால் அவர்கள் நோயாளிகள். ஆனால் போர்டில் "இல்லம்" என்று இருக்கிறது. இரண்டு துறைக்கும் நடுவில்தான் உங்கள் அம்மா விழுந்திருக்கிறார்.

உடனே செய்ய வேண்டியது: மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார், ஒப்புகைச் சீட்டோடு. முதியோர் உதவி எண் 14567க்கும் ஒரு போன் போட்டு வையுங்கள்.

குகைப் பையன் | திங்கள், காலை 9:40

எல்லா ரூமிலும் சிசிடிவி வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தது.

ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர் | திங்கள், மதியம் 2:26

தம்பி, கேமரா விழுவதைப் பார்க்கும். பிடிக்குமா?

முப்பத்தோரு வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் நான். இந்திய நர்சிங் கவுன்சில் பொது வார்டுக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று பேருக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரி என்றால் ஐந்து பேருக்கு ஒருவர் என்று சொல்லும். நடப்பு எப்படி என்பது வார்டில் படுத்தவர்களுக்குத் தெரியும், அதை விடுங்கள். இல்லத்துக்கு அந்த அளவு கேட்க முடியாதுதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

படுத்த படுக்கையாக 11 பேர். பெட்சோர், அதாவது படுக்கைப் புண், வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இரவு 9, 11, 1, 3, 5 என்று ஐந்து ரவுண்டு. ஒரு ஆளைப் புரட்டி, டயப்பர் பார்த்து, துடைத்து, தலையணை அண்டக் கொடுக்க ஐந்து நிமிஷம். ஒருத்தியால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். 11 பேருக்கு 55 நிமிஷம். ஒரு மணிக்கு ஆரம்பிக்கும் ரவுண்டு முடியும்போது மணி 1:55. அடுத்தது மூன்று மணிக்கு. இரவு முழுவதும் சேர்த்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல், மற்ற 23 பேரின் பக்கத்தில் ஆளே இல்லை. இது இரண்டு பேரும் உட்காராமல், தூங்காமல், ஒழுங்காக வேலை பார்த்தால் வருகிற கணக்கு! சோம்பேறித்தனமாக இருந்தால் 23 பேருக்கு ஆள் இருக்கும், 11 பேருக்கு முதுகில் புண் இருக்கும்.

அடுத்த தடவை போகும்போது சட்டத்தைக் கேட்காதீர்கள். படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியின் மகளிடம் அனுமதி கேட்டு, அவர் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்த இடம் இருந்தால் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் போய் மறுபடி சிவந்தால் இன்னும் தப்பிக்கலாம். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கும். எந்த ரிஜிஸ்டரையும் விட அந்தத் தோல் உண்மை பேசும்.

இன்னொன்று. அம்மாவுக்கு பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் போகிற மாத்திரை உண்டா? எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். காலையில் கொடுக்க வேண்டியதை "காலையில் கூட்டம்" என்று சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கிழவி ராத்திரி நாலு தடவை எழுந்திருக்காமல் என்ன செய்வாள்?

குகைப் பையன் | திங்கள், மாலை 4:03

சரி சிஸ்டர், தப்புதான். ஆனால் விழாமல் இருக்கக் கட்டிலோடு ஒரு துப்பட்டாவால் லேசாகக் கட்டி வைப்பார்களே, அது கூடாதா?

ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர் | திங்கள், மாலை 4:50

கூடாது. ஏர்வாடி ஞாபகம் இருக்கிறதா, நீ பிறந்திருக்க மாட்டாய். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மனநல இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் கூடாது என்று சொல்கிறது. அங்கே சங்கிலி, இங்கே துப்பட்டா. கட்டியிருக்கிறவளுக்கு வித்தியாசம் தெரியாது. அதுவும் நெளிந்து நெளிந்து கழுத்துக்கு ஏறினால் தீ கூட வேண்டாம். ஆள் குறைகிற இடத்தில் கட்டுவது தானாக வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் ஆரம்பிப்பதில்லை.

22 கட்டில் | திங்கள், இரவு 9:18

அடி வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன். சேலத்தில் சின்னதாக ஒரு இல்லம் நடத்துகிறேன். மகள் சொல்லும் இல்லம் என்னுடையது இல்லை.

என்னிடம் 22 பேர். மூன்று பேருக்குப் பணம் வராது, ஒருவரின் மகன் நம்பரையே மாற்றிவிட்டார். மற்ற 19 பேர் தலைக்கு 14,000. வரவு 2,66,000. வாடகை 60,000. சாப்பாட்டுச் சாமான் 77,000. அட்டெண்டர் ஆறு பேர், ஒரு நர்ஸ், ஒரு சமையல்காரம்மா எல்லாம் சேர்த்துச் சம்பளம் 1,08,000. கரண்ட், கேஸ், மருந்து, துணி துவைக்கிற செலவு 25,000. கூட்டிப் பாருங்கள், கையை விட்டு நாலாயிரம் போகிறது. நன்கொடையாக யாராவது ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் அந்த மாதம் தப்பித்தேன்.

ஆள் போடுவது பற்றி வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஆள் எப்போதும் நிற்க வேண்டும் என்றால், வாரம் 48 மணி நேர வேலைக்கு மூன்றரைப் பேர். லீவு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்த்தால் நாலு பேர். யாரும் நாலு பேர் போடுவதில்லை. 12 மணி நேர ஷிஃப்டில் வாரம் ஆறு நாள் வேலை வாங்கி, இரண்டே கால் சொச்சம் பேரில் ஓட்டுகிறோம். நானும்தான்.

இரவுக்கு மட்டும் இன்னொரு ஆள் கூட்ட இரண்டு பேரை எடுக்க வேண்டும். 13,000 வீதம் 26,000. பத்தொன்பது குடும்பத்துக்குப் பிரித்தால் தலைக்கு 1,400 கூட வராது. போன வருஷம் ஆயிரம் ரூபாய் ஏற்றுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் பதினொரு பேர் எதிர்ப்பு. அதில் ஒருவர், "ஏசி ரூம் இருந்தால் தருகிறேன்" என்றார். வந்து பார்க்கிறவர்கள் தரையைப் பார்க்கிறார்கள், பாத்ரூம் டைல்ஸைப் பார்க்கிறார்கள், மெனு கார்டு கேட்கிறார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் ராத்திரி எத்தனை பேர் என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நாலு ரோடு | திங்கள், இரவு 9:44

கணக்கைத் திறந்து வைத்ததற்கு நன்றி. ஆனால் 34 பேர் இருக்கிற இடத்தில் இதே வாதம் செல்லாது. தலைக்கணக்கில் பார்த்தாலே அங்கே வரவு உங்களைவிட ஒன்றரை மடங்காவது இருக்கும், இரவில் இரண்டே பேர்.

அஸ்தம்பட்டி மகள் | திங்கள், இரவு 10:15

நாங்கள் மாதம் 18,000 கட்டுகிறோம். நானும் கேட்கவில்லை. பாத்ரூம் டைல்ஸைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆத்தூர் டு டெக்சஸ் | செவ்வாய், காலை 6:30

இங்கே நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறேன். இங்கே அந்தச் சொல்லுக்கு நீங்கள் பேசுகிற இடம்தான் அர்த்தம். வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

1987 அமெரிக்கச் சட்டப்படி பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் தினம் எட்டு மணி நேரமாவது இருக்க வேண்டும், உரிமம் பெற்ற ஏதோ ஒரு நர்ஸ் 24 மணி நேரமும். மற்றதெல்லாம் "போதுமான" ஆட்கள். அந்தப் "போதுமான" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 2001இல் மத்திய அரசுக்காகச் செய்த ஆய்வு, தலைக்கு ஒரு நாளைக்கு 4.1 மணி நேரப் பராமரிப்பு வேண்டும் என்றது. 2024இல்தான் 3.48 மணி நேரம் என்று எண்ணைப் போட்டு விதி வந்தது. அதில் குறைந்தது 2.45 மணி நேரம் உதவியாளர், 0.55 பதிவு பெற்ற நர்ஸ். முதலாளிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2025 ஏப்ரலில் எங்கள் டெக்சஸ் பெடரல் கோர்ட்டே அதை ரத்து செய்தது. ஜூலையில் வந்த பட்ஜெட் சட்டம் 2034 வரை அமல்படுத்தக் கூடாது என்று பூட்டுப் போட்டது. வாதம் என்ன தெரியுமா? "ஆள் கிடைக்கவில்லை, காசு இல்லை." 22 கட்டில் அண்ணன் சொன்னதுதான், ஆங்கிலத்தில்.

மகள் சொன்ன இல்லத்தில் பகலில் எத்தனை பேர்? நாலு என்று வைத்தால் ஒரு நாளைக்கு மொத்தம் 72 மணி நேரம். 34ஆல் வகுத்தால் தலைக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். 3.48க்கு 118 மணி நேரம் வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு நல்ல பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நர்ஸ், எத்தனை உதவியாளர், உள்ளே எத்தனை முதியவர் என்று தினமும் எழுதி, வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். சம்பளப் பட்டியலில் இருந்து ஆள் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சனி, ஞாயிறு ஆள் குறைவது அப்படித்தான் ஊருக்கே தெரிந்தது. இதற்கு என்ன செலவு? ஒரு ஏ4 பேப்பர், கொஞ்சம் பசை.

ஒண்டிக்கடை | செவ்வாய், காலை 11:20

ஏற்காட்டில் இருந்து. குளிர்ந்த காற்று, காபித் தோட்டம் என்று பெற்றவர்களை மேலே கொண்டுவந்து வைக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேருங்கள். மேலே எலும்பு முறிந்தால் ஆபரேஷனுக்குச் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு. சாயங்காலம் பனி இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குத்தான் ரோடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் ஷிஃப்ட் மாற்ற ஆள் மேலே ஏற முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி வந்த இரண்டு பெண்களே மறுநாள், அதற்கு மறுநாள் என்று நின்றார்கள். சாமானியப்பட்ட வேலை இல்லை. கீழே இரண்டு பேர் போதும் என்றால் மேலே மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும்.

நைட் டியூட்டி | செவ்வாய், மதியம் 3:08

நான் ஒரு இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். பேர், ஊர் வேண்டாம். போனில் பேசித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க. ராத்திரி ஏழு மணிக்கு வந்தால் காலை ஏழு மணி. இப்போதுதான் தூங்கி எழுந்தேன்.

மகள் அக்கா, அந்தப் பெல் ஒயரைச் சுருட்டி மாட்டினது தப்பு. ஆனால் நானும் மாட்டியிருக்கிறேன். எங்கள் இடத்தில் ஒரு தாத்தா ராத்திரிக்கு நாற்பது தடவை அடிப்பார். போனால், "ஒண்ணுமில்ல கண்ணு, இருக்கியான்னு பாத்தேன்" என்பார். கை நிறைய அழுக்குத் துணியோடு இன்னொருத்தரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் பைத்தியம் பிடிக்கும்.

ஒரு நாள் கூட வேலை செய்கிறவள் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். நான் ஒருத்திதான். ஒன்பதாம் நம்பர் கட்டிலில் ஒரு பெரியவருக்கு மூச்சு இழுக்கிறது. ஓனருக்குப் போன் போட்டேன், 108க்குப் போட்டேன். அவர் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. விரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போக மனசு வரவில்லை. பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் அடுத்த ரூமில் ஒரு அப்பாயி இறங்கி விழுந்துவிட்டது. நெற்றியில் நாலு தையல். எனக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். யார் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

விழாமல் இருக்க நாங்களே கண்டுபிடித்தது கொஞ்சம் சொல்கிறேன். நடக்கிறவர்களை ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நாமே எழுப்பிக் கூட்டிப் போய்விட வேண்டும், அவர்களாக எழுந்திருக்கிற வரைக்கும் விடக் கூடாது. கட்டில் ஓரம் கமோடு சேர். தண்ணீர் கைக்கு எட்டுகிற பக்கம். நல்ல கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்! உங்கள் அம்மாவுக்கு இடது கை வராது என்றால் வலது பக்கம்தான் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு சின்ன லைட். இதெல்லாம் செய்ய ஆள் வேண்டும், அதுதான் விஷயம்.

ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர் | செவ்வாய், மதியம் 3:40

அந்தக் கையை விடாமல் உட்கார்ந்தது தப்பே இல்லை கண்ணு. சம்பளம் பிடித்ததுதான் தப்பு.

22 கட்டில் | செவ்வாய், இரவு 8:55

இன்று காலையில் வாசலில் ஒரு பேப்பர் ஒட்டினேன். பகல் மூன்று, இரவு இரண்டு, மொத்தம் 22. சாயங்காலத்துக்குள் இரண்டு குடும்பம் போன் போட்டு, "இரவு ரெண்டு பேர்தானா?" என்றது. 1,400 ரூபாய் பேச்சை மறுபடி எடுத்தேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறாராம்.

அஸ்தம்பட்டி மகள் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:50

தாமதத்துக்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிசியோதெரபி போகிறது. மாத்திரை பற்றி சிஸ்டர் கேட்டது சரியாக இருந்தது. சாயங்காலம் ஆறரைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றியாகிவிட்டது. சமூக நல அலுவலகத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன், விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு இடம் தேடி நாலு இல்லம் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் போனேன். இரண்டு இடத்தில் கேட்டையே திறக்கவில்லை. ஒரு இடத்தில் திறந்த பெண் மாவு கையோடு வந்தாள். சமையலும் அவளே, நைட்டும் அவளே. நாலாவது இடத்தில் நான் கேட்டதும், சங்கடப்படாமல் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்கள். 26 பேர், இரவுக்கு மூன்று ஆள் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு பெயர் எழுதியிருந்தது. மூன்றாவது கட்டம் எட்டு நாளாகக் காலி. ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைக்கிற வரைக்கும் நானே படுக்கிறேன் என்றார் நடத்துகிற அம்மா. நடுக் கூடத்தில் அவர் பாய் விரித்திருந்தது. அங்கேதான் சேர்த்திருக்கிறேன். பெல் ஒயரை வலது பக்கம் கட்டில் கம்பியில் நானே கட்டிவிட்டு வந்தேன்.

நைட் டியூட்டி | ஞாயிறு, இரவு 10:02

டியூட்டியில்தான் இருக்கிறேன், சீக்கிரம் கேட்கிறேன். அங்கே சம்பளம் எவ்வளவு அக்கா? வாரம் ஒரு நாள் லீவு உண்டா? என் சின்னம்மா பொண்ணு வேலை தேடிக்கிட்டு இருக்கா.

அஸ்தம்பட்டி மகள் | ஞாயிறு, இரவு 10:04

காலையில் முதல் வேலையாகக் கேட்டுச் சொல்கிறேன்மா.